நாப்பத்தோராவது டாலர்

போன மாசம் எனக்கு ஒரே ஒரு வேலைதான். நாப்பத்தொரு காசை எடுத்துப் பார்த்து, பேர் எழுதி, திருப்பிப் பெட்டியில வைக்கணும்.

அம்புட்டுதான். யாரு வேணாலும் செய்யலாம்.

நான் செஞ்சேன். அதுதான் பிரச்சனை.

காசு என்னோடது இல்ல. என் பொண்டாட்டி செல்வியோட அண்ணன், எனக்கு மச்சான், இருபது வருசமா கனடாவுல இருக்காரு. மத்தவங்க அங்க போனா வீடு வாங்குவாங்க, காரு வாங்குவாங்க. இவரு அந்த ஊரு டாலர் காசைச் சேர்த்தாரு. செலவழிக்க இல்ல, பார்க்க! ரெண்டு வருசத்துக்கு முன்னாடி லீவுல வந்தப்ப அம்புட்டையும் ஒரு பெட்டியில போட்டு, வில்லாபுரத்துல எங்க வீட்டு பீரோவுல வச்சுட்டுப் போயிட்டாரு.

"அங்க நான் வீடு மாறிக்கிட்டே இருக்கேன் மாப்ள. உங்க வீட்டுல பத்திரமா இருக்கும்"னாரு.

மனுசன் எம்புட்டு நம்பிக்கையோட சொன்னாரு பாருங்க.

இப்ப என்னன்னா, கோயம்புத்தூர்ல ஒரு நாணயக் கண்காட்சி. மச்சான் கனடாவுல இருந்து வந்து அங்க காசை வைக்கப் போறாரு. ஒவ்வொரு காசுக்கும் ஒரு அட்டை வேணுமாம். அதுல வருசம், படம், பினிஷ், இருக்கும் இடம், நிலைன்னு அஞ்சு வரி. பினிஷ்னா காசோட மேல்பரப்பு பளபளப்பா மங்கலான்னு அர்த்தம். இருக்கும் இடம்னா பெட்டியில எத்தனாவது குழின்னு அர்த்தம். நிலைன்னா நல்லா இருக்கா, அடிபட்டிருக்கான்னு அர்த்தம்.

"இதை நான் ஏன் மச்சான் செய்யணும்?"னு போன்ல கேட்டேன்.

"பினிஷ் பார்க்க உன்னைய விட்டா வேற யாரு இருக்கா? மேட்டா கிளாஸியான்னு நாள் முழுக்கக் கேக்குற ஆளு நீதான மாப்ள!"

அது உண்மைதான். பழங்காநத்தத்துல எனக்கு லேமினேசன் கடை. கல்யாண போட்டோ, ரேசன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் சீட்டு, எது வந்தாலும் மேலே பளபளப்பு ஒட்டிக் கொடுப்பேன். இருந்தாலும் நான் ஒத்துக்கிட்டதுக்குக் காரணம் வேற.

மாமனார் வீட்டுல என்மேல ஒரு பழைய கேசு இருக்கு. கல்யாணத்துக்கு எனக்கு ஒரு மோதிரம் போட்டாங்க. மறுநாள் புதுமாப்பிள்ளையா அழகர்கோவில் மலைக்குப் போனேன். தீர்த்தத்துல குளிச்சேன். நான் வெளிய வந்தேன், மோதிரம் வரல. பதினாலு வருசம் ஆச்சு. இன்னைக்கும் எந்த விசேசத்துக்குப் போனாலும் மாமியார் என் மூஞ்சியப் பார்க்க மாட்டாங்க, வெரலைத்தான் பார்ப்பாங்க. அந்த வீட்டுல என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தது அதுக்கப்புறம் மச்சான் ஒருத்தருதான். இந்தத் தடவ ஒரு காசுகூடக் கொறையாமக் கணக்குக் காட்டி, பேரை மீட்டுறணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முடிவு பண்ணதும் முதல்ல கெட்டது என் புத்திதான்.

பக்கத்துக் கடை மூக்கையா அண்ணே வாட்ச் ரிப்பேர் பண்றவரு. அவருகிட்ட ஒத்தக் கண்ணுல மாட்டுற பூதக்கண்ணாடிய இரவல் வாங்குனேன். மெடிக்கல்ல கையுறை வாங்குனேன். கருப்பு வெல்வெட் துணி வாங்குனேன். ஞாயித்துக்கெழமை காலையில சாப்பாட்டு மேசையில துணிய விரிச்சு, ஃபேனை நிறுத்தி, சன்னலை அடைச்சேன்.

"யாரும் தும்மக் கூடாது!"ன்னு வேற சொன்னேன். வீட்டுல இருந்ததே நானும் செல்வியும்தான்.

செல்வி ஒரு நிமிசம் நின்னு பார்த்தா. "என்ன, ஆப்பரேசனா பண்ணப் போறீக?"

"இதெல்லாம் ஒனக்குப் புரியாது. கைரேகை பட்டாலே காசோட மதிப்புப் போயிரும்."

"காசுல கை படக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு அது காசு?"

ரொம்பத் தெரிஞ்சவன் மாதிரி சிரிச்சேன். அவ கண்ணாடி முன்னாடி நின்னு குங்குமம் வச்சுக்கிட்டா. குங்குமம் ஒரு சின்ன வட்டமான, கண்ணாடி மாதிரி டப்பாவுல இருந்துச்சு. மூடி கச்சிதமா மூடுது. "டப்பா நல்லா இருக்கே, எங்க வாங்குன?"ன்னு கேட்டேன்.

"வீட்டுல கெடந்துச்சு"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

வேலைய ஆரம்பிச்சேன்.

முதல்ல வெள்ளிக் காசு. படகுல ரெண்டு பேரு துடுப்புப் போடுறாங்க. பின்னாடி ராணியம்மா தலை. அதுக்கப்புறம் தங்கக் கலர்ல பதினோரு மூலை வச்ச காசு. அதுல தண்ணில மெதக்குற ஒரு பறவை. இதுவரைக்கும் பிழை இல்ல.

பினிஷ்னு ஒரு கட்டம் வந்துச்சு பாருங்க, அங்கதான் விழுந்தேன்.

ஒரு காசுல பறவைக்குப் பின்னாடி பூராவும் மெல்லிசு மெல்லிசாக் கோடு. பூதக்கண்ணாடியில பார்த்தா உழுத வயலாட்டம் இருக்கு. "அய்யய்யோ, யாரோ சொரண்டிப்புட்டாங்க!"ன்னு, நிலை: மோசமாகக் கீறல் விழுந்ததுன்னு எழுதுனேன். இன்னொரு காசுல படகு மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. பினிஷ்: பூஞ்சைன்னு எழுதுனேன். பதினஞ்சு அட்டை முடிச்சு, பெருமையா படம் புடிச்சு மச்சானுக்கு அனுப்புனேன்.

அடுத்த நிமிசமே வீடியோ கால்.

"மாப்ள! அது கீறல் இல்ல! அதான் பினிஷே! கோடு போட்டேதான் அடிப்பாங்க!"

"அப்ப இந்த வெள்ளை?"

"படத்தைப் பனி படிஞ்ச மாதிரி மங்கலா அடிப்பாங்க. சுத்தி உள்ள எடம் கண்ணாடியா இருக்கும். அதான் இருக்குறதுலயே ஒசத்தி. நீ பூஞ்சைன்னு எழுதி வச்சிருக்க!"

"நல்லவேளை மச்சான், வேட்டி நுனிய வச்சுத் தொடைக்கலாம்னு இருந்தேன்."

மச்சான் ரெண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிட்டாரு.

அப்புறம் பொறுமையாச் சொல்லிக் கொடுத்தாரு. "காசுல வெறும் எடத்துல உன் மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சா அது கண்ணாடி பினிஷ். கலங்கலாத் தெரிஞ்சா புழங்காத சாதாரணக் காசு. கோடு இருந்தா கோட்டு பினிஷ். ஒண்ணுமே தெரியலன்னா கடைகண்ணியில புழங்குனது. மாப்ள, பறவைக் காசுல ஒரே வருசம், ஒரே படம், நாலு பினிஷுலயும் ஒவ்வொண்ணு வச்சிருக்கேன். அந்த நாலும் சேர்ந்தாத்தான் செட்டு. கண்காட்சியில நடுவுல வைக்கப் போறதே அதைத்தான். பார்த்துக்க!"

"கவலைய விடுங்க மச்சான்"னேன். நான் இந்த வார்த்தையச் சொன்ன எந்தக் காரியமும் இதுவரைக்கும் உருப்பட்டதில்ல.

ஒவ்வொரு காசுலயா மூஞ்சி பார்த்தேன். போன ஐப்பசியில காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில பத்து நாள் கெடந்தேன். அதுல ஒட்டிப்போன கன்னம் இன்னும் முழுசாத் தேறல. சில காசுல தெளிவாத் தெரிஞ்சேன். கலங்கலாத் தெரிஞ்ச காசுலதான் பார்க்க நல்லா இருந்தேன்.

மத்தியானம் சாப்பிடாமக்கூட அட்டை எழுதுனேன். முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது, நாப்பது...

நாப்பத்தொண்ணு இல்ல.

திரும்ப எண்ணுனேன். நாப்பது. கீழ இருந்து மேல எண்ணுனேன். நாப்பது. எப்படி எண்ணுனாலும் மதிப்பு மாறாத காசுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

எது இல்லன்னு பார்த்தா, பறவைக் காசு செட்டுல மூணுதான் இருக்கு. புழங்குனது இருக்கு. புழங்காதது இருக்கு. கோடு போட்டது இருக்கு. கண்ணாடி மட்டும் இல்ல. அந்தக் குழியில காசும் இல்ல, காசு மேல மாட்டுற பிளாஸ்டிக் டப்பாவும் இல்ல.

எனக்கு வெரல்ல மோதிரம் போட்டிருந்த எடம் குறுகுறுன்னுச்சு.

பீரோவக் கவுத்தேன். சேலை, போர்வை, பத்திரம், பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாம் வெளிய வந்துச்சு. காசு வரல. செல்வி கோயிலுக்குப் போயிருந்தா. அவ இருந்திருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கு அதுக்குள்ள துப்பறியும் புத்தி வந்துருச்சு. இந்தப் பெட்டிய வெளி ஆள் யாரு பார்த்தா? போன வாரம் பூதக்கண்ணாடி கொடுக்க வீட்டுக்கு வந்தப்ப, மூக்கையா அண்ணே ஒரு தடவ தொறந்து பார்த்தாரு!

நேரா அவரு வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. அன்னைக்குக் காசு பார்த்தீகளே, அப்ப தெரியாத்தனமாக் கையில எதுவும் ஒட்டிக்கிட்டு வந்துச்சா?"

அண்ணே முப்பது வருசமா ஊரு வாட்சுக்கு எல்லாம் உள்பாகம் மாத்துறவரு. ஒரு ஸ்குரூகூட எவனுக்கும் பாக்கி வச்சதில்ல. என்னைய மேலயும் கீழயும் பார்த்தாரு.

"கண்ணாடி இரவல் கொடுத்தவன்கிட்டயே வந்து காசு எங்கன்னு கேக்குறியா? ஒன் காலம்டா தம்பி!"

"இல்லண்ணே, ஒட்டிக்கிட்டு..."

"நான் என்ன பிசினாடா கையில தடவி வச்சிருக்கேன்? இரு, சட்டையப் போட்டுட்டு வாரேன். உன் வீட்டுக்கே வந்து தேடிக் காட்டுறேன். கெடைக்கட்டும், அப்புறம் இருக்கு ஒனக்கு!"

ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தா, செல்வி வாசல்ல நிக்கிறா. உள்ள சேலை எல்லாம் தரையில கெடக்கு.

"என்ன களவா போயிருச்சு?"ன்னா.

"பறவை போட்ட டாலர் ஒண்ணைக் காணோம். நாலுல ஒண்ணு."

"ஓ, அந்த வாத்துக் காசா? அது நான்தான எடுத்தேன்."

மூக்கையா அண்ணே என்னைப் பார்த்தாரு. நான் சுவத்தைப் பார்த்தேன்.

செல்வி சாமி அலமாரியில படத்துக்குப் பின்னாடி கைய விட்டு, ஒரு மஞ்சத்துணி முடிச்சை எடுத்தா. எங்க பக்கத்துல வீட்டுல யாருக்காவது ரொம்ப முடியலன்னா, மஞ்சத்துணியில ஒத்த ரூவாய முடிஞ்சு சாமிக்கு வேண்டி வைப்பாங்க. ஆளு எந்திரிச்சதும் கொண்டுபோய் உண்டியல்ல போடணும்.

"போன ஐப்பசியில உங்களுக்குக் காய்ச்சலு. ரத்தத்துல அணு கொறைஞ்சுக்கிட்டே போகுது, ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு. துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு முடிஞ்சு வைக்கலாம்னு தேடுனா வீட்டுல ஒத்த ரூவா காசு கெடையாது! பால்காரருக்குப் போன்லதான் போடுறோம், பூக்காரம்மாவுக்குப் போன்லதான் போடுறோம். போனையா முடிஞ்சு வைக்க முடியும்? வீட்டுல இருந்த காசு இது மட்டும்தான். நீங்க முழுசாத் தேறுனதும் போடலாம்னு வச்சிருந்தேன்."

"நாப்பத்தொண்ணு இருந்துச்சே செல்வி! இதைத்தானா எடுக்கணும்?"

"ஒரே மாதிரி நாலு இருந்துச்சு. நாலுல ஒண்ணு எடுத்தா என்னன்னு எடுத்தேன். சாமிக்குன்னு எடுக்குறத நல்லதாப் பார்த்துத்தான எடுக்கணும்? அதுதான் மினுமினுன்னு மின்னுச்சு."

பாருங்க மக்களே. ஒத்தக் கண்ணுல கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, வீடியோ கால்ல பாடம் கேட்டு நான் கண்டுபிடிக்க முடியாத ஒசந்த பினிஷை, அவ அழுதுக்கிட்டே வெறும் கண்ணுல கண்டுபிடிச்சிருக்கா.

"அதோட பிளாஸ்டிக் டப்பா?"

"டப்பாவோட முடிஞ்சா சாமிக்கு உள்ள இருக்குறது எப்படித் தெரியும்? கழட்டிட்டேன்." குங்கும டப்பாவைக் காட்டுனா. "காலையில நல்லா இருக்குன்னீகளே, இதான்."

முடிச்சை அவுத்தேன். ஈரத்தோட முடிஞ்ச மஞ்சள் உள்ள அப்பிக் காஞ்சு கெடந்துச்சு. கண்ணாடி மாதிரி இருந்த எடத்துல மூஞ்சி இல்ல, பறவை இல்ல. சாம்பார்ல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு காசு.

திட்டணும்னுதான் வாயைத் தொறந்தேன். ஆனா முடிச்சைத் திரும்பக் கட்டத்தான் கை போச்சு. அந்தப் பத்து நாளும் ஆசுபத்திரியில செல்வி என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. "சும்மா காய்ச்சல்தான், எந்திரிங்க"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா. இந்த முடிச்சைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. உண்மையாத்தான் சொல்றேன்.

அப்புறம் மச்சான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கும் கலங்குச்சு.

வீடியோ கால் போட்டோம். செல்விதான் பேசுனா. "அண்ணே, இவுகளுக்காக ஒரு காசு முடிஞ்சு வச்சேன்."

"அதுக்கென்னம்மா, நல்ல காரியம்தான். எந்தக் காசு?"

"மினுமினுன்னு இருந்துச்சே, வாத்து."

மச்சான் மூக்குக்கண்ணாடியக் கழட்டிட்டாரு. தங்கச்சிய வையவும் முடியல, காசை விடவும் முடியல. கடைசியில ஒரு யோசனை சொன்னாரு. "புழங்குன காசு ஒண்ணு இருக்குல்ல, அதே வாத்துதான். அதை உண்டியல்ல போட்டுட்டு இதைச் சுத்தம் பண்ணி வச்சுக்கலாமா?"

"முடிஞ்ச காசை மாத்தக் கூடாதுண்ணே. வேணும்னா பூக்கட்டிப் பார்ப்போம்."

அதாவது செவப்புப் பூ ஒரு பொட்டலத்துல, வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்துல மடிச்சு, சாமி முன்னாடி போட்டு ஒண்ணை எடுக்குறது. வெள்ளை வந்தா மாத்திக்கலாம். செவப்பு வந்தா மாத்தக் கூடாது. பொட்டலத்தை வீட்டு ஆளு மடிக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது, பொது ஆளுதான் செய்யணும். அங்க இருந்த ஒரே பொது ஆளு மூக்கையா அண்ணே.

அரை மணி நேரத்துக்கு முன்னாடி நான் திருட்டுப் பட்டம் கட்டுன ஆளுகிட்ட என் மானத்தை ஒப்படைச்சேன்.

அண்ணே கை கால் கழுவி, திருநீறு பூசி, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சு, ஒரு பொட்டலத்தை எடுத்தாரு. பிரிச்சா செவப்பு.

போன்ல இருந்து மச்சான் கத்துனாரு. "மூணு தடவ பார்க்கணும்! மூணுல ரெண்டுதான் கணக்கு!"

ரெண்டாவது தடவ. செவப்பு.

"அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பார்த்துருவோமே"ன்னேன் மெதுவா.

"சாமிய சந்தேகப்படுறீகளா?"ன்னா செல்வி.

"ச்சே, சாமிய இல்ல."

அவ பார்த்த பார்வையில நான் அந்தப் பொட்டலத்தைத் தொடல. அண்ணே ரெண்டையும் வாரிக்கிட்டுப் போய் வெளிய போட்டுட்டு வந்தாரு. கனடாவுல பெருமூச்சு விட்டது வில்லாபுரம் வரைக்கும் கேட்டுச்சு.

"சரி, போடுங்க. மோதிரம் போச்சு, இப்ப காசு. எங்க வீட்டுல இருந்து அழகர்கோவிலுக்குப் போற ரெண்டாவது உருப்படி மாப்ள. ரெண்டும் உன் கையாலதான்."

வெள்ளிக்கிழமை காலையில போனோம். வேண்டுதல்படி எந்திரிச்ச ஆளுதான் காசைப் போடணுமாம். பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னாடி நின்னு முடிச்சை அவுத்தேன். காசை ஓரத்துல ரெண்டு வெரலால அலுங்காமப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பின்னாடி நின்ன அம்மா, "என்னப்பா, தேளையா புடிச்சிருக்க? போட்டுட்டு நகரு!"ன்னாங்க.

போட்டேன். உள்ள ரூவா காசுக மேல விழுந்து உருண்ட சத்தத்துலயே எத்தனை கீறல் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. செல்வி கண்ணை மூடி நின்னா. மூஞ்சியில அம்புட்டு நிம்மதி. இதுக்கு மேல என்ன மச்சான் வேணும் ஒங்களுக்குன்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேன். நேர்ல கேக்கத் தைரியம் இல்ல.

மூக்கையா அண்ணனுக்கு அவரு அப்பா படத்தை ஓசியில லேமினேசன் போட்டுக் கொடுத்தேன். மேட்டா கிளாஸியான்னு கேட்டதுக்கு, "திருடனுக்கு எதுக்குடா பினிஷு?"ன்னாரு. இன்னும் கோவம் போகல.

நாப்பத்தொரு அட்டையையும் அச்சடிச்சு, மேட் லேமினேசன் போட்டு, ஊருக்கு வந்த மச்சான்கிட்ட கொடுத்தேன். அவரு கோபத்துல பிரிச்சுக்கூடப் பார்க்காமக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிட்டாரு.

கண்காட்சி அன்னைக்கு மத்தியானம் போன் வந்துச்சு.

"மாப்ள, வாத்து செட்டுல நாலாவது குழிய வெறுமனே விட்டு, அட்டைய வாசிக்காமலே முன்னாடி வச்சேன். மத்த நாப்பது காசையும் ஒருத்தரும் பார்க்கல. அம்புட்டு ஜனமும் வெறும் குழி முன்னாடிதான் நிக்குது! ஒருத்தர் கன்னத்துல போட்டுக்குறாரு. இன்னொருத்தரு அதுக்குள்ள ரெண்டு ரூவா போட்டுட்டுப் போயிட்டாரு. அப்படி என்னத்தடா அந்த அட்டையில எழுதி வச்ச?"

"ஒழுங்காத்தான் எழுதிருக்கேன். நீங்களே வாசிங்க மச்சான்."

அவரு வாசிச்சாரு. "படம், வாத்து. பினிஷ், மஞ்சள். இருக்கும் இடம், அழகர்கோவில் கருப்பன் உண்டியல்."

அப்புறம் நிறுத்திட்டாரு. கடைசி வரிய நானே சொன்னேன்.

"நிலை: நல்லா இருக்கேன்."